புளூட்டோ வரை நடந்த தப்பால்காரர்

கடந்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, ஹட்டன் பஸ் நிலையத்தில் டிக்கோயா பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். கைபேசி அடித்தது. தெரியாத இலக்கம்.

“சார், நான் தப்பால்காரர் மக பேசுறேங்க. அப்பா காலையில தவறிட்டாங்க. நாளைக்கு மூணு மணிக்கு அடக்கம். ஒங்களுக்குக் கட்டாயம் சொல்லணும்னு அம்மா சொன்னாங்க.”

நான் ஏறவேண்டிய பஸ் வந்தது, நின்றது, போனது. அடுத்த பஸ்ஸையும் விட்டுவிட்டேன். தப்பால்காரர் சிவலிங்கம் இல்லை என்பதைவிட, அவரிடம் நான் கேட்கவேண்டியிருந்த மன்னிப்பை இனி யாரிடம் கேட்பது என்பதுதான் அந்த நேரத்தில் மனதில் ஓடியது. பத்து வருடத்துக்கு மேலாகத் தள்ளிப்போட்டு வந்த மன்னிப்பு அது. அவர் சிரித்த முகத்துடன் பேசியதால் நானும் அவசரப்படவில்லை.

தேயிலைத் தோட்டத்து நண்பர்கள் கருமாதி அன்று வாசிப்பதற்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். அவரை உங்களுக்கெல்லாம் என்னைவிட நன்றாகத் தெரியும். டிக்கோயா தபாலகத்திலிருந்து கடிதங்களை எடுத்து வந்து, தோட்டத்து ஆபிஸில் கொடுத்து, அங்கே பிரித்ததைத் தொழிலாளர் வீட்டு வரிசைகளுக்கு, லயம் லயமாகக் கொண்டு சேர்த்த மனிதர் அவர். உங்கள் வேலை நியமனக் கடிதங்களும், வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பிய வாழ்த்து அட்டைகளும் அவர் கைவழியே வந்தவை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பதினொரு வருடம் விஞ்ஞானம் படிப்பித்த எனக்கு அவரோடு ஏற்பட்ட தொடர்பு வேறு மாதிரியானது. எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு புளூட்டோ இருந்தது.

இரண்டாயிரத்துப் பதினைந்தாம் வருடம் புளூட்டோவின் படம் பத்திரிகைகளில் வந்திருந்தது. ஒரு விண்கலம் ஒன்பது வருடத்துக்கு மேல் பயணம் செய்து, பக்கத்தில் போய் எடுத்த படம். அதன்மேல் வெள்ளையாக இதய வடிவில் ஒரு பரப்பு. பள்ளிக்கூடத்துக்குப் பத்திரிகை கொண்டு வந்து தந்த சிவலிங்கம் திரும்பிப் போகாமல் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இதத்தான சார் கோள் இல்லன்னு தள்ளி வச்சாங்க?”

“ஆமாம் அண்ணே.”

“தள்ளி வச்ச பெறகு எதுக்கு சார் இவ்வளவு தூரம் தேடிப் போய்ப் படம் புடிக்கணும்?”

“போகும்போது அது கோளாகத்தான் இருந்தது” என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். உண்மையும் அதுதான். விண்கலம் புறப்பட்ட சில மாதங்களில் அதன் பதவி பறிபோய்விட்டது. சிவலிங்கம் அதைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தார். “கடுதாசி வந்து சேர முன்ன வீடு மாறிட்ட கத மாதிரி இருக்குங்க” என்றார்.

அந்த வாரத்தில் எனக்கு ஓர் எண்ணம் பிறந்தது. தோட்டத்துக்குள் சூரிய குடும்பத்தை அளவுப்படி அமைத்துவிடலாம். சூரியனை ஒரு மீட்டர் அகலத் தட்டாகச் செய்து பள்ளிக்கூடச் சுவரில் மாட்டினால், பூமி ஒரு கொண்டைக்கடலை. அதை நூற்றெட்டு மீட்டரில் வைக்கவேண்டும். வியாழன் ஒரு பெரிய தோடம்பழம், அதாவது ஆரஞ்சு, ஐந்நூற்றறுபது மீட்டரில். புளூட்டோ ஒரு கடுகு. அது நாலேகால் கிலோமீட்டர் தள்ளிப் போகவேண்டும். ஹட்டனில் பெயின்ட் வாங்கப் போன இடத்தில், சூரியனுக்கு என்று சொன்னதும் கடைக்கார முஸ்லிம் நானா யோசித்துவிட்டு, “சூரியன்னா மழைக்குத் தாங்குறதா எடுங்க மாஸ்டர்” என்று வெளிச் சுவருக்குப் பூசும் மஞ்சளை எடுத்துத் தந்தார்.

தூரத்தை அளக்க என்னிடம் இருந்தது ஐம்பது மீட்டர் நாடா மட்டும். சிவலிங்கத்திடம் சொன்னேன். “நாடா எதுக்கு சார், கால் இருக்கு” என்றார். பள்ளிக்கூட மைதானத்தில் நூறு மீட்டரை நடந்து பார்த்து, தனக்கு நூற்று நாற்பது காலடி என்று கணித்துக்கொண்டார். மேட்டில் ஏறும்போது கால் சுருங்கும், அதனால் நூற்றைம்பது போடவேண்டும் என்று அவராகவே திருத்தினார். நான் ஒவ்வொரு கோளுக்கும் உரிய மீட்டரைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். கொடுக்கும்போது நான் சொன்ன வார்த்தையும் நினைவிருக்கிறது. “தோட்டத்து ரோட்டு வழியே போங்க அண்ணே.” இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறந்ததுபோல் நடித்தது இந்த வார்த்தையைத்தான்.

தபால் கொடுக்கும் நடையிலேயே அவர் ஒரு வாரத்தில் எல்லாவற்றையும் நாட்டிவிட்டார். பூமி பள்ளிக்கூட வாசலுக்கு வெளியே. வியாழன் மாரியம்மன் கோயிலடியில். சனி, கொழுந்து நிறுக்கும் மடுவத்தில். யுரேனஸ் தேயிலைத் தொழிற்சாலையில். நெப்டியூன் அதற்கு மேலே ரோடு வளையும் ஒரு முடக்கில். புளூட்டோ தோட்டத்தின் மேல் பிரிவான மேல் டிவிசனின் கடைசி லயத்தில், அவருடைய சொந்த வீட்டு வாசலுக்கு எதிரே. பிஸ்கட் டின் மூடிகளில் பெயரெழுதி, நடுவில் கடலையையும் கடுகையும் பசை போட்டு ஒட்டியிருந்தோம். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் உள்ள செரஸும் புளூட்டோவைப்போலக் குறுங்கோள்தான் என்பதால் அதற்கு ஒரு ரவையை ஒட்டி, வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விடும் பிள்ளைக் காம்பராவுக்குப் பக்கத்தில் வைத்தோம். மூன்றாம் நாள் சிவலிங்கம் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். “செரஸக் காணோம் சார். கட்டெறும்பு தூக்கிட்டுப் போயிருச்சு.” அதற்குப் பிறகு அவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு பொட்டலம் ரவை இருந்தது.

மூடிகளைப் பார்த்தவர்கள் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். அவர் கேள்விகளைப் பழைய கடித உறைகளின் பின்புறத்தில் எழுதிக்கொண்டு வருவார். நான் கீழே பதில் எழுதிக் கொடுப்பேன். மறுநாள் அவர் மடுவத்தில் கொழுந்து நிறுக்கக் காத்திருப்பவர்களுக்குப் படித்துக் காட்டுவார். புளூட்டோவைக் கண்ணால் பார்க்கலாமா? முடியாது, நல்ல தொலைநோக்கி வேண்டும். நிலாவைவிடப் பெரிதா? இல்லை, நிலாவைவிடச் சிறிது. அதற்கு நிலா உண்டா? ஐந்து உண்டு. அங்கே ஒரு வருடம் எவ்வளவு? நம்முடைய இருநூற்று நாற்பத்தெட்டு வருடம். இந்தப் பதிலைக் கேட்டுவிட்டு, “அப்ப அங்க யாருக்கும் ஒரு தீபாவளியே முழுசா கெடைக்காது” என்று ஒருவர் வருத்தப்பட்டாராம்.

ஒரு நாள் மடுவத்தில் நானும் இருந்தேன். குறுங்கோள் என்றால் என்ன என்று நான் மூன்று நிபந்தனைகளையும் எழுதிக் கொடுத்திருந்தேன். சூரியனைச் சுற்றவேண்டும், தன் எடையாலேயே உருண்டையாகியிருக்கவேண்டும், தன் பாதையில் கிடக்கும் மற்றவற்றை அகற்றியிருக்கவேண்டும். மூன்றாவதில் தவறினால் அது குறுங்கோள். படித்து முடித்த சிவலிங்கம் கூடி நின்ற பெண்களின் முகங்களைப் பார்த்தார். யாருக்கும் எதுவும் ஏறவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டுத் தன் பாஷையில் தொடங்கினார்.

“மலையில ஒவ்வொருத்தருக்கும் ஒரு நெரை குடுக்குறாங்கல்ல? பெரிய கோளெல்லாம் தன்னோட நெரைய சுத்தமா எடுத்துருச்சு. புளூட்டோவோட நெரையில இன்னும் கண்டதும் கெடக்கு. அதனால அரைப் பேர் போட்டுட்டாங்க.”

ஆளுக்கொரு செடி வரிசையாகத் தேயிலை எடுக்கும் பெண்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. குறிப்பிட்ட எடைக்குக் கொழுந்து எடுக்காவிட்டால் அந்த நாளுக்கு அரைப் பேர்தான், அரை நாள் சம்பளம்தான் என்பது அவர்கள் தினமும் அனுபவிப்பது. ஆனால் பாக்கியம் அக்கா என்ற மூத்த தொழிலாளி விடவில்லை. கூடையை இறக்கி வைத்துவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

“சார், அது எம்மாம் பெரிய நெரை? இருநூத்தம்பது வருசம் சுத்துற நெரைங்கிறீங்க. ஆளு கடுகு. ஒத்தையா எப்படிங்க எடுத்து முடிக்கும்? ஒங்க பூமியக் கொண்டுபோய் அங்க விடுங்க, அது எடுத்துருமா?”

இதே கேள்வியை விஞ்ஞானிகளிலும் சிலர் கேட்கிறார்கள். பூமியே அவ்வளவு தொலைவில் இருந்தால் தன் பாதையைத் துடைத்திருக்குமா என்பது இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது. நான் அதைச் சொன்னபோது பாக்கியம் அக்கா வென்றவராகக் கூடையைத் தூக்கிக்கொண்டார். சிவலிங்கம் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

அவர் சொன்னவற்றில் இன்னொன்று எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். வயதான ஒருவர், “தள்ளி வச்ச புளூட்டோ இப்ப எங்க இருக்கு?” என்று கேட்டிருக்கிறார். சிவலிங்கம் அந்தக் கேள்வியை என்னிடம் கொண்டு வரவே இல்லை. அவரே பதில் சொல்லிவிட்டார். “பட்டியல்ல இருந்துதாங்க எடுத்தாங்க, வானத்துல இருந்து எடுக்கல.” கேட்ட பெரியவர், “எங்கப்பா காலத்துல பிரஜாவுரிமை இல்லன்னு நம்ம பேரையும் அப்படித்தான் வோட்டுப் பட்டியல்ல இருந்து எடுத்தாங்க. நாம இங்கதான இருந்தோம்” என்றாராம். இதை என்னிடம் சொல்லும்போது சிவலிங்கத்தின் குரல் கொஞ்சம் இறங்கிப்போயிருந்தது.

இனி அந்த நாளைச் சொல்லவேண்டும்.

பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான தினம். கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். நான் சூரியனுக்குப் பக்கத்தில் நின்று, தூரங்களின் பிரம்மாண்டத்தைப் பற்றி நீட்டி முழக்கிக்கொண்டிருந்தேன். புளூட்டோ எவ்வளவு தொலைவு என்றால், சூரிய ஒளியே போய்ச் சேர ஐந்தரை மணி நேரம் எடுக்கும் என்று நான் சொல்லி முடிக்கவும், பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கத்து மலையிலிருந்து ஒலிபெருக்கி முழங்கவும் சரியாக இருந்தது.

“ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங். புளூட்டோவிலிருந்து பேசுகிறோம். பள்ளிக்கூடத்துக்கு வந்திருக்கும் ஐயா அவர்களை வருக வருக என வரவேற்கிறோம்.”

மேல் டிவிசன்காரர்கள் கோயில் ஒலிபெருக்கியைக் கொண்டுபோய்க் கட்டியிருந்தார்கள். திருவிழாக் கொடிகளும் கட்டியிருந்தார்கள். சூரியனடியில் நின்றபடியே கொடிகளின் நிறம்கூடத் தெரிந்தது. மலைநாட்டில் பிறந்து வளர்ந்த நான் எப்படி இதை யோசிக்காமல் போனேன் என்று இன்றைக்கும் புரியவில்லை. ரோடு மலையைச் சுற்றிச் சுற்றி முடக்கு முடக்காக ஏறுகிறது. நாலேகால் கிலோமீட்டர் நடந்து ஏறினால், கடைசியில் பள்ளிக்கூடத்துக்கு நேர் எதிரேதான் வந்து நிற்கவேண்டும். நடுவில் இருப்பது ஒரு பள்ளத்தாக்கு மட்டும். சமதரையில் இருப்பவர்களுக்கு இந்தத் தவறு வராது.

அதிகாரி சிரித்தார். “என்ன மாஸ்டர், உங்கட புளூட்டோ கூப்பிடு தூரத்தில இருக்கு?”

பிள்ளைகள் சிரித்தார்கள். சக ஆசிரியர்களும் சிரித்தார்கள். என் காது சுட்டது. ஓரமாக, அன்றைக்கென்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்ற சிவலிங்கத்தைக் கை காட்டி, “தப்பால்காரர் அளந்தது சேர். பிழையாக அளந்துவிட்டார்” என்றேன்.

எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள். அவர் என்னைப் பார்த்தார். ஒரு விநாடிதான். பிறகு அதிகாரியிடம், “ஆமாங்க ஐயா, ரோட்டு வழியாவே அளந்துட்டேன். எனக்குத் தெரிஞ்சது நடக்குற தூரந்தாங்க” என்றார். நாள் முழுவதும் நடந்தே பிழைத்த மனிதரின் காலடிக் கணக்கை, பத்து மீட்டர் பிசகாத கணக்கை, நான் ஊர் முன்னால் பொய்யாக்கினேன். என் மானத்தைக் காப்பாற்ற அவருடையதைக் கொடுத்தேன். வெட்கப்படவேண்டிய காரியம், இப்போதும் வெட்கப்படுகிறேன்.

தவறைத் திருத்துகிறேன் என்று அடுத்த வாரம் இன்னொரு பிழையும் செய்தேன். வரைபடத்தில் நேர்கோடு போட்டுப் பார்த்தபோது புளூட்டோ தோட்டத்துக்கு வெளியே போய்விட்டது. அதை எடுத்து அங்கே வைக்கும்படி சிவலிங்கத்திடம் சொன்னேன். மறுநாள் மேல் டிவிசனிலிருந்து கடித உறையின் பின்புறத்தில் பதில் வந்தது. “எங்கள் புளூட்டோவைத் தரமாட்டோம். ஒரு தடவை தள்ளி வைத்தது போதும்.” கீழே பதினேழு கையெழுத்துகள். நான் கோபப்பட்டேன். விஞ்ஞானத்தில் விருப்பு வெறுப்புக்கு இடமில்லை என்றெல்லாம் பேசினேன். சிவலிங்கம் பொறுமையாகக் கேட்டுவிட்டுப் போனார். நேர்கோட்டு இடத்தில் ஒரு புதிய மூடியைக் கொண்டுபோய் நாட்டினார். மேலே இருந்ததையும் எடுக்கவில்லை. அதன் கீழே ஒரு வரி மட்டும் சேர்த்தார். “நடந்து வருபவர்களுக்கு இது புளூட்டோ.”

“ரெண்டும் சரிதாங்க சார்” என்றார் என்னிடம். “கண்ணுக்கு ஒரு தூரம், காலுக்கு ஒரு தூரம். வந்து பாருங்க ஒரு நாளைக்கு. சும்மா சொல்லல, மேல இருந்து பாத்தா சூரியன் நல்லாத் தெரியுது.”

வருகிறேன் என்றேன். அடுத்த வாரம் என்றேன். லீவில் என்றேன். அங்கே போனால் தனியாக உட்கார்ந்து பேசவேண்டிவரும், பேசினால் அந்த நாளைப் பற்றிப் பேசவேண்டிவரும். யுரேனஸைத் தாண்டி நான் போனதே இல்லை. பிறகு மாற்றலாகி ஹட்டனுக்கு வந்துவிட்டேன். வழியில் காணும்போதெல்லாம் அவர் பையைத் தோளில் சரிசெய்துகொண்டு, “புதுசா ஏதும் குறுங்கோள் கண்டுபுடிச்சாங்களா சார்?” என்று கேட்பார். புளூட்டோவுக்கும் அப்பால் ஏரிஸ் என்று ஒன்று இருக்கிறது, நம் கணக்குக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல் வரும், அடுத்த தோட்டத்துக்குப் போய்விடும் என்று ஒருமுறை சொன்னேன். “அங்க தப்பால் நம்ம கையில இல்லீங்களே” என்று கவலைப்பட்டார்.

அடக்கத்துக்குப் போன அன்று த்ரீவீலர், யுரேனஸ் இருந்த தேயிலைத் தொழிற்சாலையோடு நின்றுவிட்டது. “மேல போகாது சார், மழைக்கு ரோடு அரிச்சுப் போச்சு” என்றார் சாரதி. மிச்சத்தை நடந்தேன். இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஒவ்வொரு முடக்கிலும் கீழே பள்ளிக்கூடக் கூரை தெரிந்தது. அது சற்றும் தூரமாகாமல், அதே அளவில், அதே இடத்தில் கிடந்தது. எனக்கோ மூச்சு வாங்கியது. மூன்று இடத்தில் நின்றேன். மழைக் காலத்தில், சுமையோடு, வயதான காலத்திலும் ஒரு மனிதர் இதை ஏறியிறங்கினார் என்பதை என் நெஞ்சு அடித்துக்கொண்ட விதத்தில்தான் விளங்கிக்கொண்டேன். பிழையான தூரம் என்று நான் சொன்ன தூரம் இதுதான்.

எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு அவருடைய மனைவி பார்வதி அக்காவிடம் போனேன். இனியும் தள்ளிப்போடக்கூடாது என்று அவரிடமே சொன்னேன்.

“அக்கா, அன்றைக்கு அளவு பிழையானது என்னாலதான். ரோட்டு வழியே அளக்கச் சொன்னது நான். பழியை அவர் மேல போட்டுட்டேன். ஒருநாளும் மன்னிப்புக் கேட்கல்ல.”

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அது கெடக்குதுங்க சார். அத அவரு அன்னைக்கே சிரிச்சுட்டு விட்டுட்டாரு. ஸ்கூல்ல வேல செய்றவங்களுக்கு மேல இருக்கவங்களக் கண்டா பயம் இருக்கத்தான செய்யும்னு சொன்னாரு.” முந்தானையை இடுப்பில் செருகினார். “நீங்க வர்றேன்னு சொன்னதத்தான் சார் அவரு விடல. ஒவ்வொரு லீவு தொடங்கையிலயும், சார் இந்தத் தடவ வந்துருவாரு, வாசலக் கூட்டி வையின்னுவாரு. நானும் கூட்டுவேன். போன சித்திரைக்கும் கூட்டுனேன்.”

நான் நின்ற இடத்தைக் குனிந்து பார்த்தேன். வந்தவர்களின் கால்பட்டு எங்கும் சேறு. பார்வதி அக்கா உள்ளே போய் ஒரு கதிரையைக் கொண்டு வந்து வாசலில் போட்டு, “ஒக்காருங்க சார், நடந்து வந்துருக்கீங்க” என்றார்.

சிவலிங்கம் என்னிடம் விட்டுப்போனது எது என்று கேட்டால், அவருடைய நகைச்சுவையைச் சொல்லலாம், நெரையும் அரைப் பேருமாக அவர் சொன்ன விளக்கங்களைச் சொல்லலாம். இன்றைக்கும் வகுப்பில் அவற்றைத்தான் சொல்கிறேன், அவர் பெயரோடு சொல்கிறேன். ஆனால் எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது வேறொன்று. நான் வராத இத்தனை லீவுகளிலும் எனக்காகக் கூட்டி வைத்திருந்த அந்த வாசல்.